கண் எழுதாமல் விட்ட முகம்

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு சித்திரை மாதம். திண்டுக்கல்லிலிருந்து எரியோடு போகும் வழியில், சாலையை விட்டு இரண்டு மைல் உள்ளே இருந்த ஒரு கிராமத்தில் இது நடந்தது. ஊரின் பெயர் வேண்டாம். அந்த மனிதர்கள் மேல் எனக்கு இன்றும் குறை ஒன்றும் இல்லை.

அதற்கு முன் மதுரையில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் படம் வரைந்துகொண்டிருந்தேன். விபத்து நடந்த இடம், கோர்ட்டில் நிற்கும் ஆள், வெள்ளத்தில் போன பாலம் என்று எதையும் நேரில் பார்த்துவிட்டு வந்து ஒரு மணி நேரத்தில் வரைந்து தரவேண்டும். பார்த்ததை வரை, பார்க்காததைச் சேர்க்காதே என்பது அங்கே சட்டம். ஐந்து வருடம் இருந்தேன். பிறகு வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போய் வரையத் தொடங்கினேன். சொத்து என்று ஒரு சைக்கிளும் ஒரு கான்வாஸ் பையும். இரண்டு வேட்டி, ஒரு போர்வை, ஒரு தம்ளர், தூரிகைகள், வண்ணப்பொடி, வேப்பம்பிசின். பைக்குள் அடங்காத எதையும் வைத்துக்கொள்வதில்லை. வரைந்த படங்களையும்தான். எந்த ஊரில் வரைந்தேனோ அந்த ஊரிலேயே விட்டுவிட்டுப் போவேன்.

அந்த ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்காகச் சாவடிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். தாமரையும் சிங்கமும் வரையச் சொன்னார்கள். மூன்று வேளைச் சாப்பாடும் சாவடியில் படுக்க இடமும் கூலி. இரண்டு நாளில் முடித்துவிட்டேன். சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு இடம் மிச்சம் இருந்தது. எதிர் வீட்டு வாசலில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி மடியில் கனகாம்பரத்தைக் கொட்டிக்கொண்டு சரம் தொடுத்துக்கொண்டிருந்தாள். அவளை வரைந்தேன். இரண்டு மணி நேரம் அவள் நிமிரவே இல்லை. குனிந்த முகம் சுவரில் எடுபடாது என்று தோன்றியதால், நானாகவே முகத்தை நிமிர்த்தி வரைந்தேன். நன்றாக வந்தது. போகிறவர்கள் நின்று பார்த்து, "அடி ஆத்தீ, நம்ம பூக்காரக் குட்டி!" என்று சிரித்தார்கள்.

கண்ணை மட்டும் வைக்கவில்லை. சிறுவயதில் மண்சிலை செய்பவர்களிடம் தூரிகை பிடிக்கக் கற்றவன் நான். அவர்கள் கண்ணைக் கடைசியில்தான் எழுதுவார்கள். நம்பிக்கை இல்லாவிட்டாலும் பழக்கம் கையோடு இருந்தது. வெளிச்சம் போய்விட்டதால், காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று தூரிகையைக் கழுவி வைத்தேன்.

காலையில் சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். சாவடிக்கு முன்னால் இருபது முப்பது பேர். என்னைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வரைந்த பெண்ணின் சித்தப்பா என் சைக்கிளின் இரண்டு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிட்டிருந்தார். என் பை அவர் தோளில் தொங்கியது. எனக்கென்று இருந்த அத்தனையும் இப்போது வேறொருவர் தோளில்.

எதிர் வீட்டு வாசலில் தாய் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் பெண். இரண்டு இமைகளும் எலுமிச்சங்காய் போல வீங்கி, பீளை காய்ந்து ஒட்டிக் கிடந்தன. "ஆத்தா, விடிஞ்சிருச்சா? இன்னும் விடியலையா?" என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மண்ணுல செஞ்ச சாமிக்கே கண்ணு திறக்கிற வரைக்கும் துணியக் கட்டி மறைச்சு வைப்பாக. தெரியுமாடா ஒனக்கு?" என்றார் சித்தப்பா. "நீ எம்புட்டு தைரியம் இருந்தா எங்க பிள்ளைய நடுத்தெருவுல கண்ணில்லாம நிப்பாட்டிட்டுப் போயிப் படுத்திருப்ப?"

அந்த வழக்கம் எனக்குத் தெரியும். மண்சிலைப் பட்டறையில் நானே எத்தனையோ முகங்களுக்குத் துணி கட்டியிருக்கிறேன். சாமிக்குத்தான் அது, பூத்தொடுக்கும் பிள்ளைக்கு இல்லை என்று நினைத்துவிட்டேன்.

அந்த மாதம் ஊரில் இரண்டு வீடுகளில் அம்மை போட்டிருந்தது. அம்மையில் கண் போனவர்கள் அந்தப் பக்கத்தில் ஊருக்கு ஒருவராவது உண்டு. ஜனங்களின் முகத்தில் இருந்தது கோபம் மட்டும் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவர்களும் பயந்துபோயிருந்தார்கள். பயந்த கூட்டம் என்ன செய்யும் என்று ஐந்து வருடம் பத்திரிகைக்காகப் பார்த்து வரைந்தவன் நான்.

"இது கண்வலிங்க. திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றேன்.

"நாங்க போயிக்கிருவோம். நீ மொதல்ல சுவத்துல கண்ணத் திற. பிள்ளைக்குப் பார்வை வரலைன்னா, வரைஞ்ச ரெண்டு கையும் ஒனக்கு இருக்காது."

பையைப் பிரித்து ஒரு தூரிகையும் மைக்கிண்ணமும் மட்டும் தந்தார். கூட்டத்தில் ஒரு கிழவர், "ஏப்பா, பார்த்து எழுது. ஒண்ணக் கோணலா வச்சுப்புடாத. பெறகு அது காலம்பூரா கோணலாப் பாத்துக்கிட்டுத் திரியும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

தூரிகையைச் சுவருக்கு அருகில் கொண்டுபோனேன். கை அப்படியே நின்றுவிட்டது. பயத்தால் மட்டும் இல்லை. அந்தப் பெண்ணின் கண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் விரல், நாரைக் கடித்து அறுக்கும் பல், காதோரத்து முடி எல்லாம் ஞாபகம் இருந்தன. கண்ணை நான் பார்க்கவே இல்லை. அவள் குனிந்தே இருந்தாள். நிமிர்ந்த முகம் என் கற்பனை. பார்க்காததைச் சேர்த்திருந்தேன். இப்போது போய்ப் பார்க்கலாம் என்றால் அந்தக் கண்கள் மூடிக் கிடக்கின்றன. ஏதோ ஒரு கண்ணை எழுதிவிட்டால், இது எங்கள் பிள்ளையின் கண் இல்லை என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

முதுகுக்குப் பின்னால் யாரோ கம்பைத் தரையில் தட்டும் சத்தம் கேட்டது.

நான் திரும்பி, தாயைப் பார்த்துச் சொன்னேன்: "எனக்குப் பிள்ளை கண்ணு ஞாபகம் இல்லம்மா. நான் பார்க்கல."

சித்தப்பா ஓர் அடி முன்னால் வந்தார். தாய் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"கருவிழி பெருசு. வெள்ளை கொஞ்சமாத்தான் தெரியும்" என்று மடியில் கிடந்த பிள்ளையின் நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னாள். "ஓரம் நீண்டிருக்கும், அவுக அப்பனுக்கு மாதிரி. வலது கண்ணுக்கு வெளிய மாட்டுக்கொம்பு பட்ட வடு, அரிசி நீளம். மொறைக்கிறாப்புல வச்சிராதப்பா. எதையோ கேக்க வந்தவ மாதிரித்தான் பார்ப்பா."

சொல்லச் சொல்ல எழுதினேன். வலது கண் முடிய எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் எழுத முடிந்தது. "இன்னும் செத்த கீழ" என்று ஒருமுறை திருத்தினாள். வியர்வை இமையில் இறங்கிச் சுவரே மங்கிப்போனது. துடைக்கக் கை எடுக்கவும் பயம்.

இடது கண் முடியும் நேரத்தில், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை வைத்திருந்த ஒரு பெண் வந்து அந்தப் பிள்ளைக்கு அருகில் உட்கார்ந்தாள். கண்வலிக்குத் தாய்ப்பால் விடுவது அந்தப் பக்கத்து வைத்தியம். இமை மேல் பாலைப் பீய்ச்சி, ஊறவிட்டு, நனைத்த துணியால் மெல்லத் துடைத்தாள். சிறுமி வீறிட்டு அழுதாள். பிறகு அழுகை நின்றது.

"ஆத்தா, என்னத்துக்கு இம்புட்டுப் பேரு நிக்கிறாக?"

கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. ஆனால் பார்த்தன. ஓரம் நீண்ட, கருவிழி பெருத்த, எதையோ கேட்க வந்த கண்கள்.

கூட்டத்தில் பெண்கள் குலவையிட்டார்கள். சித்தப்பா பையை என்னிடம் கொடுக்காமல் தானே கொண்டுபோய்ச் சைக்கிளில் மாட்டினார். எங்கிருந்தோ பம்ப் வாங்கி வந்து காற்றும் அடித்தார். "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். சாலை வரை சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனேன்.

மூன்றாம் நாள் வேடசந்தூரில் ஒரு வண்டிப்பேட்டையில் படுத்திருந்தேன். விழித்தபோது கண்ணைத் திறக்க முடியவில்லை. இமைகள் ஒட்டியிருந்தன. மாட்டுச் சலங்கைச் சத்தமும் வண்டிக்காரர்களின் பேச்சும் கேட்டன. கண்வலி ஒட்டிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் முதலில் தோன்றியது அது இல்லை. அந்தச் சுவரில் யாரோ அவள் கண்ணை அழித்துவிட்டார்கள் என்று தோன்றியது. அழித்தால் என் கண் ஏன் மூட வேண்டும் என்று யோசிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்தேன். கையால் துழாவிப் பையைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. கண்ணைக் கழுவிவிட ஓர் ஆள்தான் இல்லை.

கடைசியில், "யாராவது தண்ணி குடுங்களேன்" என்று சத்தம் போட்டேன். கம்பங்கூழ் விற்கும் பெண் ஒருத்தி வந்து செம்புத் தண்ணீரில் என் இமைகளைக் கழுவினாள். "யாருமில்லாமயா ஊரு ஊராத் திரியிற? நல்லாருக்குப்பா ஒம் பொழப்பு" என்று திட்டிக்கொண்டே கழுவினாள். அவள் முகத்தைத்தான் முதலில் பார்த்தேன். அவள் கண்களை அதிக நேரம் பார்த்திருப்பேன் போலிருக்கிறது. "என்னய்யா பார்க்கிற?" என்று அதட்டினாள்.

அதற்குப் பிறகும் பத்து வருடத்துக்கு மேல் அதே பையோடு சுற்றினேன். அந்த ஊர்ப் பக்கம் மட்டும் போகவில்லை. யாரை வரைந்தாலும், அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கும் வரை காத்திருந்து, முதலில் கண்ணை எழுதுகிறேன். ஏன் அப்படி என்று கேட்பவர்களிடம், அப்போதுதான் சாயல் தப்பாது என்று சொல்லிவிடுகிறேன். அது பாதி உண்மை. கண் எழுதாத ஒரு முகத்துக்கு முதுகைக் காட்டி என்னால் இன்றுவரை ஒரு நிமிடம்கூட நிற்க முடியவில்லை என்பதுதான் மீதி.