ஐந்து திரியும் ஆறு பள்ளிக்கூடமும்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மறதியும் கூடிவிட்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லண்டனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் சேர்ந்து, பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடாவருடம் ஓட்டப்போட்டி வைத்தன. இப்போது அது இல்லை. எப்படி நின்றதென்று யாரும் எழுதவில்லை. நான் கண்டதை எழுதுகிறேன்.

மைதானத்தில் குத்துவிளக்கு வைப்பது என் வேலை. காற்றுக்கு நிற்காது, குடை பிடித்துக்கொண்டு நிற்பேன். ஐந்து திரி, ஐந்து பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்துக்கு ஒருவர் வந்து ஏற்றுவார். நாங்கள் போன கடைசி வருடம் ஆறாவதாக ஒன்று சேர்ந்தது. விளக்கை ஒருவரும் யோசிக்கவில்லை.

என் மகளுக்கு அதுதான் கடைசி ஓட்டம்; அடுத்த வருடம் வயது கூடிவிடும். முந்தின வருடம் வால்தம்ஸ்டோப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி நானூறு மீற்றரில் அவளை மயிரிழையில் முந்தியிருந்தாள். அந்தப் பிள்ளையை வெல்லத்தான் மகள் மழை பாராமல் லூயிஷாமில் பார்க்கைச் சுற்றிச் சுற்றி ஓடினாள்.

புதுப் பள்ளிக்கூடத்தை, விருந்தாளி என்று மைக்கில் முதலில் கூப்பிட்டார்கள். ஐந்து திரியும் ஏற்றி முடிந்தது. எங்கள் பள்ளிக்கூடம் மிச்சம்.

பெற்றோர் சங்கத் தலைவரான என் கணவர் எழும்பினார். "நாங்கள் என்ன, ரோல்ஸ் தின்னவோ வந்தனாங்கள்?"

"அண்ணை, விளக்கிலை இடமில்லை. நான் என்ன செய்யிறது?" என்றார் மைக் பிடித்தவர்.

"இடமில்லாத இடத்திலை எங்களுக்கென்ன வேலை? பிள்ளையளைக் காரிலை ஏத்துங்கோ!"

"பையிலை சின்ன மண் சிட்டி விளக்கொண்டு கிடக்குது, வைக்கட்டோ?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். அதற்குள் இரண்டு பக்கமும் கத்தத் தொடங்கிவிட்டன.

ஓட்டச் சப்பாத்தோடு அந்த இரண்டு பிள்ளைகளும் என்னிடம் ஓடி வந்தார்கள்.

"அன்ரி, நாங்கள் ரெண்டு பேரும் மட்டும் ஓடுறம். நீங்கள் கையைத் தட்டி விடுங்கோ, ப்ளீஸ்," என்றாள் வால்தம்ஸ்டோப் பிள்ளை.

"கெதியா அம்மா!" என்றாள் மகள்.

குடையைக் கீழே வைத்தேன். காற்றுக்கு விளக்கு நூர்ந்துவிட்டது. கை தட்டுவதற்குள் கணவர் வந்து, "ஏறடி காரிலை," என்று மகளை இழுத்துக்கொண்டு போனார். நான் பின்னால் போனேன்.

அடுத்த வருடம் நாங்கள் போகவில்லை. பிறகு இன்னொரு பள்ளிக்கூடமும் விலகியது. அதோடு போட்டியே இல்லை.

மகளுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். கதை வந்தால், "வெண்டிருப்பன் அம்மா," என்பாள். "ஓம் பிள்ளை," என்பேன். வேறென்ன சொல்ல?

அவள் வென்றிருப்பாளோ என்பதை ஒருவராலும் பார்த்துச் சொல்ல முடியாது. மற்றதையாவது, எந்த வருடம், எங்களுக்குப் பிறகு விலகியது யார் என்பதை, அன்று அங்கே நின்ற யாராவது சரிபார்த்துத் திருத்திவிடுங்கள்.