சம்பந்தியும் ஷார்ட்ஸ்டாப்பும்

என் மகள் கல்யாணம் செய்துகொள்ள விரும்பிய பையனின் பெற்றோர் டெக்சாஸிலிருந்து எங்களைப் பார்க்க வந்தது ஒரு ஜனவரி மாதச் சனிக்கிழமை. எங்கள் ஊரான மான்மவுத் ஜங்ஷனில் முந்தின நாள்தான் பனி கொட்டி ஓய்ந்திருந்தது. என் கணவர் காலையிலேயே டிரைவ்வேயைச் சுத்தம் செய்து உப்புத் தூவிவிட்டு, வேட்டியா பேன்ட்டா என்று என்னைக் கேட்டுக் கேட்டுக் கடைசியில் பேன்ட்டிலேயே நின்றுவிட்டார்.

பையனும் பெண்ணும் முடிவெடுத்துவிட்டார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து அதை முறையாகப் பேசி முடிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்தப் பேச்சை யார் எடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. பையனின் அப்பா கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டால் பதில் சொல்வார். தானாக ஒன்றும் சொல்ல மாட்டார். விமானம் நேரத்துக்கு வந்ததா, டல்லாஸில் குளிர் எப்படி, பையன் வேலை எப்படிப் போகிறது என்று எல்லாவற்றையும் ஹாலிலேயே கேட்டுத் தீர்த்துவிட்டோம். சாப்பிட உட்கார்ந்தபோது பேச ஒன்றும் மிச்சமில்லை. மோர்க்குழம்பு நன்றாக இருக்கிறது என்று அவர் மனைவி சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னார்.

அப்போது பையனின் அப்பா அவனிடம் மெல்ல, "செவ்வாக்கிழமை ரிசல்ட் சொல்றாங்க, தெரியுமா?" என்றார்.

பையன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "ஐ டோன்ட் ஃபாலோ தட் எனிமோர்ப்பா" என்றான்.

அவர் முகம் சுருங்கிப் போனது. எனக்குப் பொறுக்கவில்லை. "ஹால் ஆஃப் ஃபேம் ரிசல்ட்டா?" என்று கேட்டேன்.

அவர் வாய்க்குப் போன கவளம் பாதியிலேயே நின்றது. "நீங்க பேஸ்பால் பார்ப்பீங்களா?"

ஓய்வு பெற்ற பேஸ்பால் ஆட்டக்காரர்களில் யாருக்கெல்லாம் அந்தப் புகழ் மண்டபத்தில் இடம் கொடுப்பது என்று விளையாட்டுப் பத்திரிகையாளர்கள் வருடா வருடம் வாக்களிப்பார்கள். நான்கில் மூன்று பங்கு பேர் சரி என்றால்தான் உள்ளே போக முடியும். முடிவு வருவதற்கு முந்தைய வாரங்களில் நாடெங்கும் இதைப் பற்றித்தான் சண்டை. எங்கள் வீட்டில் சண்டைக்கு ஆள் கிடையாது. என் கணவருக்கு கிரிக்கெட்டைத் தவிர வேறு எதுவும் விளையாட்டே இல்லை.

"உங்க ஓட்டு யாருக்குங்க?" என்றார் அவர்.

நான் ஒரு ஷார்ட்ஸ்டாப்பைச் சொன்னேன். இரண்டாவது, மூன்றாவது தளங்களுக்கு நடுவே நின்று பந்தைத் தடுக்கிறவர்தான் ஷார்ட்ஸ்டாப். பெயரை இங்கே எழுதவில்லை, எழுதினால் படிக்கிறவர்களோடு புதுச் சண்டை ஆரம்பித்துவிடும்.

"அவருங்களா? அவருக்கு பேட்டே பிடிக்கத் தெரியாதுங்களே!" என்று சிரித்தார். அவருடைய ஆள், பந்தை மைதானத்துக்கு வெளியே ஹோம் ரன்களாக விளாசித் தள்ளிய ஒரு பேட்டர். ஊக்கமருந்து எடுத்துக்கொண்டவர் என்று ஊரே பேசிய மனிதர்.

"மருந்து போட்டு அடிச்சதெல்லாம் ஒரு அடியா அங்கிள்?" என்றாள் என் மகள், விளையாட்டாக.

"தப்புத்தான் கண்ணு. ஆனா மருந்து பந்தைப் பாக்குமா? கண்ணு அவருதுதானே?"

"அப்போ அவர்கூட ஆடினவங்க நேர்மையா ஆடி ரிக்கார்ட் இழந்தாங்களே, அவங்களுக்கு யார் பதில் சொல்றது?" என்றேன் நான். குரல் எனக்கே கொஞ்சம் உயர்ந்து கேட்டது. மகள் மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள்.

"ஏனுங்க, கிரிக்கெட் பாத்து வளந்தவங்களுக்கு பேஸ்பால் நம்பரெல்லாம் அவ்வளவு சீக்கிரம் பிடிபடாதுங்க" என்றார் அவர்.

அவர் மனைவி கண்ணாலேயே அவரைக் கண்டித்தார். என் கணவர் ரசப் பாத்திரத்தை யாரும் கேட்காமலே அவர் பக்கம் நகர்த்தினார்.

"நான் பார்க்கவே இல்லை, காதால கேட்டேன்" என்று சொல்ல ஆரம்பித்தேன். கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஐசலினில் ஓர் அபார்ட்மென்ட். எனக்கு வேலை பார்க்க அனுமதி வரவில்லை. கார் ஓட்டத் தெரியாது. அங்கே முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன ரேடியோ ஒன்று சமையலறை ஜன்னலில் இருந்தது. கோடைக்காலம் முழுக்கச் சாயங்காலமானால் அதில் ஆட்டம். முதலில் ஒரு மண்ணும் புரியவில்லை. பேச்சு ஓடிக்கொண்டிருந்தால் வீட்டில் ஆள் இருப்பதுபோல இருக்கும் என்றுதான் போட்டு வைத்தேன். அந்த ஷார்ட்ஸ்டாப் பக்கம் பந்து போனால் வர்ணனையாளர் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவார். கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஒரு சத்தம் எழும் பாருங்கள், அதைக் கேட்டே அவர் பிடித்துவிட்டார் என்று தெரிந்துகொள்வேன்.

"அதுக்கு எந்த நம்பர் இருக்கு, சொல்லுங்க" என்றேன்.

அவர் கையைத் தட்டுப்பக்கம் கொண்டுபோகாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "ரேடியோலங்களா... அப்படிச் சொன்னது என்னோட தப்புங்க" என்றார். நானும் சரி, விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மனிதர் அதோடு விடவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, "ஆனா சத்தத்தை வெச்சு ஒருத்தரை எப்படிங்க ஹால் ஆஃப் ஃபேம்ல சேக்கறது? அது நியாயமில்லீங்க சம்பந்தியம்மா!" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கல்யாணம் என்ற வார்த்தையே அதுவரை யார் வாயிலிருந்தும் வரவில்லை. பையன் என் மகளைப் பார்த்தான். என் கணவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப பேசி முடிச்சாச்சுங்களா? பாயசத்தைக் கொண்டாங்க!" என்றார் அவர் மனைவி.

எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். பாயசம் சாப்பிட்டுக்கொண்டே மற்ற விஷயங்களைப் பேசி முடித்தோம். சம்பந்தி ஒரே ஒரு கோரிக்கை வைத்தார்: முகூர்த்தம் ஐப்பசியில் மட்டும் வேண்டாம். பேஸ்பால் இறுதிப் போட்டியான வேர்ல்ட் சீரிஸ் அப்போதுதான் நடக்கும் என்று எனக்குப் புரிந்தது. என் கணவர் அது ஏதோ அவர்கள் குலதெய்வ விசேஷம் என்று நினைத்துக்கொண்டு பக்தியோடு தலையாட்டினார். ஆவணியில் முடித்தோம்.

அவர்கள் கிளம்பும்போது அவர் மனைவி சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரிட்டையர் ஆனதுல இருந்து வீட்டுல இவரு குரலே கேக்கறதில்லைங்க. இன்னிக்குத்தான் இவ்வளவு பேசறாரு. நீங்க அப்பப்ப சண்டை போடுங்க."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் வந்தது. என் கணவருக்கு இல்லை, எனக்கு. "ரெண்டு பேருமே உள்ள போகலீங்க சம்பந்தியம்மா" என்றார். குரலில் வருத்தமே இல்லை. அடுத்த வருடம் யார் யாருக்கு வாய்ப்பு என்று அன்றைக்கே ஆரம்பித்து, என் காபி ஆறிப்போகும்வரை பேசினோம்.

இப்போதெல்லாம் டிசம்பர் பிறந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமைகளில் அழைத்துவிடுவார். இந்த வருடம் இடதுகையால் பந்து வீசிய ஒரு பிட்சருக்காக வாதாடிக்கொண்டிருக்கிறார். காயத்தால் சீக்கிரம் ஒதுங்கிக்கொண்டவர். ஆடிய சில வருடங்கள் அபாரம். சில வருடங்கள் போதுமா என்று எனக்குச் சந்தேகம். யோசித்துச் சொல்கிறேன் என்று நேரம் வாங்கியிருக்கிறேன். அவர் மகனுக்கும் என் மகளுக்கும் இதில் துளியும் அக்கறை இல்லை.