பொன்னேரிப் பல் டாக்டரிடம் நான் கேட்ட கேள்வி

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைச் சாலையில் சென்ற மாதம் நான் போன பல் மருத்துவமனையின் பலகையில் நான்கு பெயர்கள் இருந்தன. பொதுவாகப் பல்லைப் பார்ப்பவர் ஒருவர். வேர்ச் சிகிச்சைக்குச் செவ்வாய்தோறும் வருபவர் ஒருவர். கம்பி கட்டச் சனிக்கிழமை ஒருவர். பல் செட்டுக்கு இன்னொருவர். ஒரே வாய்க்கு நால்வரா என்று ஐயுற்று, நால்வரின் பட்டங்களையும் பதிவு எண்களையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட பிறகே நாற்காலியில் அமர்ந்தேன். இளம் மருத்துவர் வாய்க்குள் பார்த்துவிட்டு, கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று நெடுங்காலமாகவே இல்லை போலிருக்கிறதே, எப்போது எடுத்தது என்று கேட்டார். பதினோரு வயதில் என்றேன். யார் எடுத்தது என்பது அடுத்த கேள்வி. அதன் விடை நாற்காலியில் சொல்லி முடியாத அளவு நீளம். அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

அந்நாளில் எங்கள் பக்கத்தில் பல்லைத் தொட்ட எவருக்கும் ஒரே பெயர்தான். சந்தையில் குறடு வைத்துப் பிடுங்கியவரும் பல் டாக்டர்; மெழுகில் அச்செடுத்துப் பல் செட் கட்டியவரும் பல் டாக்டர்; உண்மையிலேயே படித்து வந்தவர் எவரேனும் இருந்தால் அவரும் பல் டாக்டர்.

என் தந்தையார் தலைமையாசிரியர். உச்சரிப்பில் ஒரு பிசிறு இல்லாத மனிதர் என்று ஊர் அவரைப் புகழ்ந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டதில்லை. சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொள்வார். அது பெரிய மனிதர்களுக்குரிய அடக்கம் என்று அம்மா சொல்வார். நானும் நம்பினேன்.

என் பல் குழிந்து வலித்தபோது, உள்ளூரில் சுழல் நாற்காலியோடு புதிதாகப் பலகை மாட்டியிருந்த டாக்டரிடம் போகாமல், தந்தையார் என்னை ரயிலேற்றிப் பொன்னேரிக்கு அழைத்துச் சென்றார். இதுவே என் முதல் சந்தேகம்.

கடைத்தெருவில் ஒரு தையற்கடையின் மாடியறை. பலகையில் ‘பல் கட்டும் நிலையம்’ என்பதற்கு மேல் ஓர் எழுத்து இல்லை. வெள்ளைக் கோட்டும் இல்லை. உள்ளே முழங்கை வரை வெள்ளை மாவு படிந்த ஒருவர் முக்காலியில் அமர்ந்து, ஒரு பல் செட்டின் ஈறுப் பகுதியை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். தந்தையாரைக் கண்டதும் எழுந்தார்.

“வாங்க சார். அது தொந்தரவு இல்லாம கீதுங்களா?”

தந்தையார் இருமினார். பையனுக்குத்தான் பார்க்க வேண்டும் என்றார். எது தொந்தரவில்லாமல் இருக்க வேண்டும்? இரண்டாம் சந்தேகம்.

மேல்வரிசை கட்டிக்கொள்ளப் பழவேற்காட்டிலிருந்து வந்த ஒரு மீனவ அம்மாள் பெஞ்சில் இருந்தார். அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அந்த மனிதர் டார்ச் விளக்கை அடித்து என் வாயைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

“இது பால் பல்லு இல்ல நைனா. போனா திரும்ப மொளைக்காது. நான் கை வெக்க மாட்டேன். சார், பட்டணத்துல பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க. படிச்ச டாக்டருங்க கீறாங்க, சுத்தம் பண்ணி அடைச்சுடுவாங்க.”

பிடுங்கத் தெரியாதவர் சாக்குச் சொல்கிறார் என்று நான் முடிவு கட்டினேன். வகுப்பில் முதல் மாணவன் நான். மருத்துவர் பெயருக்குப் பின்னால் ஆங்கில எழுத்துகள் இருந்தாக வேண்டும் என்பதை அறிந்தவன். எழுந்து நின்று, பாடம் ஒப்பிக்கும் குரலில் கேட்டேன்: “நீங்க என்ன பட்டம் வாங்கியிருக்கீங்க?”

அம்மாள் சிரித்துவிட்டார். “ஐய, இன்னா இது, டாக்டருக்கே பரீச்சை வெக்குது புள்ள! சொல்லேன்யா, நாங்களும் கேட்டுக்கிறோம்.”

அவர் என் தந்தையாரைப் பார்த்தார். தந்தையார் சுவரில் இருந்த நாள்காட்டியைப் படித்துக்கொண்டிருந்தார்.

“பட்டம்லாம் இல்ல நைனா. நான் பல்லு கட்றவன். டாக்டருன்னு ஜனங்களா கூப்புடுது.”

அம்மாளின் சிரிப்பு நின்றது. “டாக்டரு இல்லியா? எங்க ஊட்டாண்ட அப்டித்தானே சொல்லி அனுப்பினாங்க!” பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். அந்த மனிதர் தடுக்கவில்லை. “பல்ல மட்டும் புடுங்க வுட்டுடாதீங்க சார்” என்று மெல்லச் சொன்னார். தந்தையார் விடைபெறக்கூட இல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

நான் அடம்பிடித்ததால் மறுநாள் உள்ளூர்ச் சுழல் நாற்காலிக்குப் போனோம். அந்தப் பலகையில் பெயரைவிடப் பட்டம் நீளம். பொன்னேரிக்காரர் சொன்னதை எடுத்துரைப்பதானால், அவரை எப்படித் தெரியும் என்பதையும் உரைக்க வேண்டியிருக்கும் என்பதால் தந்தையார் பேசாதிருந்தார். பல் ஒரு நிமிடத்தில் வந்தது. பால் பல்தான், முளைத்துவிடும் என்றார் பட்டதாரி. அடுத்த பொங்கலுக்குள் பலகையும் அவரும் ஊரில் இல்லை. பல் இன்றுவரை முளைக்கவில்லை.

நான் கல்லூரியில் படித்தபோது தந்தையாருக்கு ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. உள்ளே கொண்டுபோகுமுன் செவிலியர் ஒருவர் வந்து, ஈரத்துணியில் பொதிந்த ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். மேல்வரிசை முன்பற்கள் ஆறு. பிசிறு இல்லாத வேலை. ‘உங்க அப்பாவையே கேளு’ என்று அன்று பொன்னேரிக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழவேற்காட்டு அம்மாள் படியிறங்கியிருக்க மாட்டார். அந்த மனிதருக்கு என் தந்தையாரைவிடப் பெரிய சான்றிதழ் வேறு இல்லை. அதுவோ அவர் எதிரிலேயே நாள்காட்டியைப் படித்துக்கொண்டிருந்தது. பிறகு ஒருமுறை பொன்னேரிக்குப் போய்ப் பார்த்தேன். அந்த மாடியில் தட்டச்சுப் பள்ளி நடந்துகொண்டிருந்தது.

பதினோரு வயதில், அந்த மாடியிலிருந்து இறங்கிய அன்று, பொன்னேரி நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, வென்றவனின் மிடுக்கோடு, “நான் கேட்டது சரிதானேப்பா?” என்றேன்.

“கேள்வி சரிதான்” என்றார் தந்தையார். சொல்லிவிட்டுக் கையால் வாயை மூடிக்கொண்டு, தண்டவாளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். மகனின் அறிவைக் கண்டு பூரித்துச் சிரிக்கிறார், அதைத்தான் என்னிடமிருந்து மறைக்கிறார் என்று எண்ணி, ரயில் வரும்வரை நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.