மதினி திருப்பிக் கொடுத்த போன்

மதினி அந்த போனைக் கைக்குட்டையில் சுற்றித்தான் எடுத்து வருவார். அழகுக்காக இல்லை, சூட்டுக்காக. கொஞ்ச நேரம் பேசினாலே காதோரம் காந்தத் தொடங்கிவிடும். பிறகு திரையில் ஒரு வட்டம் சுற்றும், அதோடு அணைந்துவிடும். அணைந்த போனுக்கு எப்போது உயிர் வரும் என்று சொல்ல முடியாது. சில நாள் தட்டினால் வரும், சில நாள் பொழுது சாயும்வரை வராது. வாங்கிய வாரத்திலேயே தொடங்கிய கோளாறு இது. சூடான பாத்திரத்தைத் துணிபோட்டுப் பிடிப்பதுபோல அவர் அதைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்த தோற்றம்தான் அந்த நாட்களை நினைத்தால் முதலில் எனக்கு வருகிறது.

மதினி என்றால் என் அண்ணனின் மனைவி. தாயில்பட்டியில் வீடு. ஏழாயிரம்பண்ணை போகிற ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கம்பி மத்தாப்புப் பிரிவில் வேலை. அலுமினியப் பொடி ஏறி அவர் விரல்கள் எப்போதும் வெள்ளிப் பூச்சு பூசியதுபோல இருக்கும், எந்தச் சோப்புக்கும் முழுதாகப் போகாது. வாங்கிய பொருளில் குறை இருந்தால் பொறுத்துப் போகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. நறுக்கிய கத்தரிக்காயில் புழு இருந்தால், நறுக்கிய துண்டுகளோடு கடைக்குத் திரும்பிப் போகிறவர். கடைக்காரர் முகம் சுளித்தால், "புழுவுக்குமா சேத்து நான் காசு குடுத்தேன்?" என்று கேட்பார். குரலை உயர்த்த மாட்டார். பதில் வரும்வரை அங்கேயே நிற்பார், அவ்வளவுதான்.

அண்ணன் அதற்கு நேர் எதிர். லாரி டிரைவர். சீசன் காலத்தில் பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் வீடு திரும்ப வாரக்கணக்கில் ஆகும். போனில் பேசினால், எந்த ஊரில் இருக்கிறார், எப்போது வருவார் என்ற இரண்டு செய்திகளோடு பேச்சு முடிந்துவிடும். அவர்களுடைய ஒரே மகள் மதுரையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதற்காகத்தான் மதினி பழைய பட்டன் போனைக் கழித்துவிட்டு, சிவகாசியில் ஒரு கடையில் மாதத் தவணைக்கு இந்தப் புதிய போனை வாங்கினார்.

கோளாறு தொடங்கியதும் நேராகக் கடைக்குத்தான் போனார். சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் என்னையும் அழைத்துக்கொண்டார். கடை மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். "விக்கிறதோட எங்க வேலை முடிஞ்சதுக்கா. இனிமே நீங்களாச்சு, கம்பெனியாச்சு. விருதுநகர்ல சர்வீஸ் சென்டர் இருக்கு, அங்க போங்க." மதினி அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "காசு வாங்குறப்ப கம்பெனி எங்கன இருந்துச்சு? உங்க கையிலதான குடுத்தேன்?" என்றார். மேனேஜர் சிரித்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டார்.

விருதுநகர் போவது என்றால் மதினிக்கு ஒரு நாள் சம்பளம் போனது போனதுதான். முதல் தடவை, சாப்ட்வேரைப் புதுப்பித்திருக்கிறோம், இனிப் பிரச்சினை வராது என்றார்கள். வீடு வந்து சேருமுன் பஸ்ஸிலேயே அணைந்துவிட்டது. அடுத்த தடவை, வேறு சார்ஜரைப் போட்டிருப்பீர்கள் என்றார்கள். அதற்கும் அடுத்த தடவை நானும் உடன் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் போனை வாங்கும்போது மதினியின் விரல்களைப் பார்த்தாள். "பட்டாசு வேலையாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் ஏதோ முடிவுக்கு வந்தவள்போல, வெளித்தூசி உள்ளே போனதால் பழுது என்று சீட்டில் எழுதிவிட்டாள். அப்படி எழுதினால் உத்தரவாதம் செல்லாது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. "அந்தச் சீட்டை எங்கிட்டயும் ஒண்ணு குடும்மா" என்று மட்டும் மதினி கேட்டு வாங்கிக்கொண்டார்.

பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஒரு பொறி போதும் என்பதால் வாசலிலேயே வாட்ச்மேன் அறைப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அந்தப் போன் மருந்துப் பொடியைக் கண்ணாலும் கண்டதில்லை. ஆனால் அந்தப் பெண் பார்த்தது போனை அல்ல, விரல்களை.

இதற்கிடையில் மாதத் தவணைக்கான குறுஞ்செய்தி மட்டும் தவறாமல் வந்தது. தவணையை நிறுத்து, தானாக வழிக்கு வருவார்கள் என்று அண்ணன் சொன்னார். நான் விசாரித்ததில், கடன் கொடுத்த நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம் வேறு, போன் விற்றவர்களோடு உள்ள வழக்கு வேறு என்று தெரிந்தது. தவணை தவறினால் மதினியின் பெயர்தான் கெடும். மதினியே அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம பக்கம் ஒரு ஓட்டை இருந்தா அவுக அதையேதான் பேசுவாக" என்று சொல்லித் தவணையைக் கட்டிக்கொண்டே இருந்தார். வேலை செய்யாத போனுக்குப் பணம் கட்டுவது அவரைப் போன்றவருக்கு எவ்வளவு கசந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

புரட்டாசி மாதம் ஒரு நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்து அச்சகத்தில் காலண்டர் வேலை ஓடிக்கொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டார். நாக்பூர் பக்கம் போய்க்கொண்டிருந்தார். "ஏலே, ஏழாயிரம்பண்ணை ரோட்டுல ஏதோ கம்பெனி வெடிச்சிருச்சாம். இங்கன ஒரு டிரைவர் போன்ல வீடியோ வந்திருக்கு. ஒம் மதினிக்குப் போட்டா சுவிட்ச் ஆப்னு வருது. போய்ப் பாருலே." குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. லோடு எங்கே இறங்குகிறது என்று சொல்லும் அதே குரல்.

எங்கள் பக்கத்தில் ஒரு கம்பெனி வெடித்துவிட்டால், அந்த நிமிடத்தில் எல்லோரும் எல்லோரையும் கூப்பிடுவார்கள். மணி அடித்தால் அதுவே பாதி ஆறுதல். வெம்பக்கோட்டை தாண்டியதுமே வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். பைக்கை ஓரமாக விட்டுவிட்டு நடந்தேன். தூரத்தில் புகை தெரிந்தது. எந்தக் கம்பெனி என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். மதினி வேலை பார்த்த கம்பெனியின் ஆட்களை முன்னெச்சரிக்கையாக வெளியே அனுப்பியிருந்தார்கள். ரோட்டோரம் பெண்கள் கூட்டமாக நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். மதினி தனியாக ஒரு வேலமரத்தடியில் உட்கார்ந்து, மடியில் அந்தப் போனை வைத்து அதன் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்.

என்னைப் பார்த்ததும், "உங்க அண்ணனுக்குப் போடுங்க தம்பி. நம்பரு எனக்கு வாயில வரல" என்றார். ரோட்டோரம் நின்றவர்கள் தங்கள் போனைக் கொடுக்க முன்வந்திருக்கிறார்கள். ஆனால் அண்ணனின் எண்ணும், என் எண்ணும், மகளின் எண்ணும் அணைந்துபோன அந்தப் போனுக்குள்தான் இருந்தன.

நான் எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். "நான்தான். ஒண்ணுமில்ல. எங்க கம்பெனி இல்ல" என்றார் மதினி. பிறகு, "போனுக்குச் சார்ஜு கூடப் போட்டு வைக்க மாட்டியா?" என்று அண்ணன் கேட்டது எனக்கும் கேட்டது. அதோடு இணைப்பைத் துண்டித்துவிட்டார். மதினி போனை என்னிடம் நீட்டி, "சார்ஜு நெறையத்தான் இருந்துச்சு" என்றார், என்னைப் பார்க்காமல்.

வெடித்த கம்பெனியில் இறந்தவர்களில் மதினியின் தெருக்காரர்களும் உண்டு. அந்த வீடுகளுக்கெல்லாம் போய் வந்து, காரியங்கள் முடிந்த பிறகுதான் அவர் இந்தப் பேச்சை எடுத்தார். "ரிப்பேரு வேண்டாம் தம்பி. வேற போனும் வேண்டாம். இதத் திருப்பிக் குடுக்கணும். அதுக்கு என்ன வழியோ பாருங்க."

வழி இருந்தது. முதலில் நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். வெளித்தூசியால் வந்த பழுது, உத்தரவாதத்தில் சேராது என்று போன் கம்பெனியிடமிருந்து அதே பதில் வந்தது. பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டோம். வக்கீல் வைக்காமல் நாமே வாதாடலாம் என்றும், தயாரித்த கம்பெனியை மட்டுமல்லாமல் விற்ற கடையையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம் என்றும் அங்கே போன பிறகுதான் தெரிந்தது. பட்டாசுக் கம்பெனி வாசலில், போன்களை வைக்கும் பெட்டிக்கு மேலே தொங்கும் 'உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது' என்ற பலகையைப் படம் எடுத்து இணைத்தேன். போன் உள்ளே வந்ததே இல்லை என்று மதினியின் பிரிவைக் கவனிக்கும் போர்மேன் எழுதிக் கொடுத்தார். மன உளைச்சல் என்ற தலைப்பில் என்ன எழுதுவது என்று கேட்டபோது மதினி யோசித்துவிட்டு, "போன் அணைஞ்சு போச்சு, வீட்டுல பயந்துட்டாகன்னு எழுதுங்க" என்றார். அவ்வளவுதான் எழுதினேன்.

வாய்தாக்கள் வந்தன, தள்ளிப்போயின. கடைசி விசாரணை நடந்த சமயத்தில் அண்ணன் ஊரில் இருந்தார். சும்மா துணைக்கு வருவதாகச் சொல்லிக் கிளம்பி வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். ஆணையத்தின் தலைவர் ஒரு பெண்மணி. போன் கம்பெனியின் வக்கீல் மதுரைக்காரர், இளைஞர், தன்மையாகப் பேசினார். தூசி விஷயத்தைப் பலகைப் படமும் போர்மேன் கடிதமும் கெடுத்துவிட்டதை அவரும் உணர்ந்திருந்தார் போலும். அதை விட்டுவிட்டு, "ஒரு போன் ஒரு மத்தியானம் வேலை செய்யலை. அசௌகரியம்தான், மறுக்கலை. ஆனா அதை மன உளைச்சல்னு எப்படிச் சொல்றது?" என்றார். தொழில்முறையில் அது நியாயமான கேள்விதான்.

தலைவர் மதினியைப் பார்த்தார். மதினி எழுந்தார். அவர் பதில் இல்லாமல் நின்று நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அப்போது பின்னால் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. அண்ணன் எழுந்து நின்றிருந்தார்.

"நீங்க யாரு?" என்றார் தலைவர்.

"இவ வீட்டுக்காரன்மா. லாரி ஓட்டுறேன்."

"சொல்லுங்க."

"நான் அன்னைக்கு நாக்பூர் பக்கம் வண்டிய ஓரங்கட்டிட்டேன். வெடிச்சது இவ வேலைக்குப் போற ரோடு. திருப்பித் திருப்பிப் போடுறேன், சுவிட்ச் ஆப்புன்னேதான் வருது. வண்டியில ஏறி உக்காரவும் முடியல. பின்னால லோடு பூராம் பட்டாசு. அதப் பாக்கவே முடியல." அவர் கைகள் முன் பெஞ்சின் மேல்கட்டையைப் பிடித்திருந்தன. "வண்டிய யார்ட்ட விட்டுட்டு ஊருக்குக் கெளம்புறது, ஓனருக்கு என்ன சொல்றது, மகளுக்கு யாரு போய்ச் சொல்றது, எல்லாம் யோசிச்சு முடிச்சிட்டேன்மா. இனிமே இவ இல்லைன்னே முடிவு பண்ணிட்டேன். அதுக்கப்புறந்தான் தம்பி போன்ல இருந்து இவ பேசுனா. பேசுனதும் சார்ஜு போட மாட்டியான்னு ஏசிட்டேன். வேற என்ன பேசன்னு எனக்குத் தெரியல."

அவ்வளவு வார்த்தைகளைச் சேர்ந்தாற்போல அண்ணன் பேசி நான் கேட்டதில்லை. மதினி திரும்பிப் பார்க்கவில்லை. மேசையின் விளிம்பைப் பார்த்தபடியே நின்றார். வக்கீல் தன் தாள்களை அடுக்கிக்கொண்டு, மேற்கொண்டு கேள்வி இல்லை என்றார். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று தலைவர் மதினியைக் கேட்டார். "இல்லம்மா. அம்புட்டுத்தான்" என்றார் மதினி.

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணன் ஏறியதும் தூங்கிவிட்டார், அல்லது கண்ணை மூடிக்கொண்டார். மல்லி கிராமத்தைத் தாண்டிய பிறகு மதினி என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் சொன்னார்: "அன்னைக்கு எம் மேல கோவந்தான்னு இம்புட்டு நாளா நெனச்சிக்கிட்டு இருந்தேன் தம்பி."

சில மாதங்களில் தீர்ப்பு வந்தது. கடையும் கம்பெனியும் சேர்ந்தே பொறுப்பு, போனைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழு விலையையும் கொடுக்க வேண்டும், மன உளைச்சலுக்குத் தனியாக ஈடும் தர வேண்டும் என்று உத்தரவு. மேல்முறையீட்டுக்குப் போவார்கள் என்று எதிர்பார்த்தேன், போகவில்லை. போனை ஒப்படைக்கப் போனபோது கடை மேனேஜர், "எங்கட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே முடிச்சுக் குடுத்திருப்போம்லக்கா" என்றார். "சொன்னேனே" என்றார் மதினி. போன வழியே திரும்பினோம்.

மதினி இப்போதும் அதே பட்டாசுக் கம்பெனியில்தான் இருக்கிறார். அண்ணனும் வடக்கே லோடு ஓட்டுகிறார். போன மாதம் லேபிள் ஆர்டர் விஷயமாக அந்தக் கம்பெனிக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு நேரம். பெண்கள் வாசலுக்கு வந்து தங்கள் போன்களை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பக் கிடைத்த பணத்தில் மதினி வாங்கிய போன் அடித்தது, அண்ணன்தான். "என்ன விசயம்?" என்று எடுத்தவர், பதிலைக் கேட்டுவிட்டு, "ம்" என்றார். "சாப்பிட்டேன். நீங்க சாப்பிட்டீகளா?" என்றார். அதற்குப் பிறகு இருவரிடமும் பேச எதுவும் இருக்கவில்லை. ஆனால் மதினி போனை வைக்கவில்லை. சுவரில் சாய்ந்து, போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற எனக்கு, அந்த முனையில் ஏதோ டீக்கடையில் கிளாஸ் கழுவும் சத்தம் கேட்டது.

உள்ளே மணி அடித்தது. மற்றவர்கள் நடக்கத் தொடங்கினார்கள்.

"மணி அடிச்சிருச்சு" என்றார் மதினி. "போனப் பெட்டியில வைக்கணும். சாயங்காலம் நானே போடுறேன்."