வழுக்குப் பாறையில் கேரம் பவுடர்

எங்கள் ஊருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே இருக்கும் அந்தப் பாறை ஒன்றும் பெரிய உயரமில்லை. ஒரு மாடி வீட்டளவுதான். பின்பக்கமாகப் போனால் ஆடுகூட மேலே போய்விடும். ஆனால் சாலையைப் பார்த்த முன்பக்கத்தில் ஊரில் ஒருவரும் ஏறியதில்லை. கீழே விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு. அதற்கு மேல் வயிறு உப்பியதுபோல வழவழவென்று ஓர் இடம். அந்த வயிற்றில் சோற்றுப் பருக்கை அளவில் துருத்திக்கொண்டு இரண்டு வெள்ளைக் கற்கள். பிடிமானம் என்று இருந்தது அவ்வளவுதான்.

எண்பதுகளில், நான் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் அப்ரன்டிஸாக இருந்தபோது, மெட்ராஸிலிருந்து நாலு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பாறைக்கு வர ஆரம்பித்தார்கள். ஒருவர் எங்கள் தொழிற்சாலை இன்ஜினியர். மேலே ஒரு குண்டுக்கல்லில் வளையம் மாட்டி அதன் வழியாகக் கயிற்றை விடுவார்கள். ஒரு முனை ஏறுகிறவர் இடுப்பில், மறுமுனை கீழே நிற்பவர் கையில். கால் தவறினால் தொங்கலாமே தவிர விழ முடியாது. மூன்று வாரம் தள்ளி நின்று பார்த்தேன். அப்புறம் ஒரு நாள் கேன்டீனில், வரிசையில் நின்ற எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "இந்த வாரம் நான் ஏறிப் பாக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டேன்.

"வாங்க. மூணு தடவை தர்றோம். பத்து மணிக்கு மேல பாறை சுட்டுடும், கயித்தச் சுருட்டிடுவோம்" என்றார் இன்ஜினியர்.

அன்று சாயங்காலமே செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது. அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"உனுக்கு இன்னாத்துக்குடா இதெல்லாம்? பேனா புடிச்ச கை. ஏர் புடிக்கவே வுட்டதில்ல உன்ன."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அதிகம் குத்தியது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நடவுக்கோ அறுப்புக்கோ என்னைக் கூப்பிட்டதே இல்லை. படிப்பு என் உடம்பை ஒன்றுக்கும் உதவாததாக ஆக்கிவிட்டதோ என்ற சந்தேகம் எனக்கே இருந்தது. பாறையில் நான் தெரிந்துகொள்ள நினைத்தது அதைத்தான்.

என்னோடு வேலை பழகிய திருநெல்வேலிக்காரன் ஒருவன் உதவிக்கு வந்தான். "ஏறுததுக்கு முன்னால கையில வெள்ளையா ஒண்ணு பூசுதாங்கல்லா, அது கேரம் பவுடர்தாம்ல. எங்க ரூம்ல ஒரு டப்பா கெடக்கு."

ஞாயிறு காலை ஊரில் பாதிப் பேர் பாறையடியில் இருந்தார்கள். அப்பா பின்பக்கமாக நடந்துபோய் உச்சியில் உட்கார்ந்துவிட்டார். மெட்ராஸ்காரர்கள் கயிறு கட்டுவதில் மும்முரமாக இருந்தபோது, நண்பன் டப்பாவைத் திறந்து என் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தாராளமாகப் பூசிவிட்டான்.

வெடிப்பில் விரலை நுழைத்து, ஒரு காலைத் தூக்கி வைத்தேன். அடுத்த நொடி கயிற்றில் தொங்கினேன்.

"காய் பாக்கெட்ல வுந்துச்சுப்பா" என்றான் பக்கத்து வீட்டுக்காரன், டப்பாவைப் பார்த்துவிட்டு. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது.

இன்ஜினியர் என் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தார். "தம்பி, இது சறுக்கறதுக்குப் போடறது. நாங்க பூசறது வேர்வைய இழுக்கற பொடி."

எனக்கு அவமானமாக இருந்தது. உராய்வைக் குறைக்கும் பொருள்கள் பற்றி ஐ.டி.ஐ. தேர்வில் ஒரு பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கியவன் நான். கைகாலைக் கழுவினேன். பாறையில் ஒட்டியிருந்த வெள்ளையை நனைத்த துணியால் தேய்த்தெடுத்துக் காயவிட்டேன்.

இரண்டாம் தடவை வெடிப்பைத் தாண்டினேன். வயிற்றுப் பகுதி வந்ததும் பயத்தில் பாறையோடு மார்பையும் கன்னத்தையும் ஒட்டிக்கொண்டேன். ஒட்ட ஒட்டக் கால் நழுவியது. மறுபடியும் தொங்கல்.

"எறங்கி வாப்பா, ஆபீசு வேல கீது உனுக்கு" என்றான் பக்கத்து வீட்டுக்காரன்.

இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் கீழே உட்கார்ந்து அதே தேர்வுப் பக்கத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். அழுத்தும் விசை கூடினால் உராய்வு கூடும். நான் பாறையைக் கட்டிக்கொண்டதில் என் பாரம் காலுக்கே போகவில்லை. நிற்க வேண்டுமானால் பாறையை விட்டு உடம்பை வெளியே தள்ளி, காலை மிதித்து நிமிர வேண்டும். கணக்கு அப்படித்தான் சொன்னது.

மூன்றாம் தடவை. வெடிப்பு முடிந்தது. முதல் பருக்கையில் வலது கால் கட்டைவிரலை வைத்தேன், குதிகாலைத் தாழ்த்தினேன், இடுப்பைப் பின்னால் தள்ளினேன். கீழே யாரோ "வுழுறான்" என்றார்கள். கால் நின்றது. இரண்டாவது பருக்கைக்கு இடது கால். கைக்குப் பிடிக்க ஒன்றுமில்லை, உள்ளங்கையைச் சும்மா பாறைமேல் வைத்திருந்தேன். மெல்ல நிமிர்ந்தேன். இன்னும் கொஞ்சம். விரல் நுனிகள் மேல் விளிம்பைத் தொட்டு வளைந்தன. அதற்கப்புறம் எப்படி ஏறினேன் என்பது நினைவில்லை. முகம் உச்சிப் பாறையில் கிடந்தது. கீழே விசில் சத்தம்.

அப்பா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நாலு விரலில் தோல் இல்லை.

"ரத்தம் வருதுடா."

"வரட்டும்பா."

அவர் விளிம்புவரை போய், அந்த வயிற்றைக் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "அங்க ஒண்ணியுமே இல்லியே. எப்டிடா நின்ன?"

நான் செய்த எதையும் எப்படியென்று அவர் அதுவரை கேட்டதில்லை. பாரத்தைக் காலில் போட்ட கதையைச் சொன்னேன். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்துச் சரிவில் ஒரு காலை வைத்தார். முதலில் லேசாக, பிறகு நன்றாக அழுத்தி மிதித்துப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். பின் விளிம்பில் நின்று கீழே பார்த்து, பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டார்.

"டேய், காய் எந்தப் பாக்கெட்ல வுந்துச்சுன்னு இப்ப மேல வந்து சொல்லு. முன்பக்கமா வா."