மொட்டின்மேல் கவிழ்த்த குண்டான்

அடையாறில் ஒரு நர்சரி வாசலில் இன்று சிவப்புப் பந்துபோன்ற மே மாதப் பூவைப் பார்த்தேன். தொண்ணூறுகளில் கோட்டூர்புரம் ஆற்றோரத்தில், எங்கள் குடிசைக்குப் பின்னால், தான் வேலைசெய்த வீட்டில் தூக்கி எறிந்த, வெங்காயம்போன்ற அதன் கிழங்கை அம்மா நட்டிருந்தாள். அது மழைக்கு இலை விட்டு, பனியில் மண்ணுக்குள் மறைந்து, மூன்றாவது கோடையில்தான் முதல் மொட்டை நீட்டியது. அந்த வாரமே குடிசைகளை இடிக்க புல்டோசரும், எங்களை ஏற்றிப்போக லாரியும் வந்து உறுமிக்கொண்டு நின்றன.

"இன்னாமே, வூடே போவுது, வெங்காயத்தைக் கொஞ்சிக்கினு கீற? நோண்டி எடுத்துக்கினு வா!" என்று அப்பா கத்தினார்.

"மொட்டு வுட்டுகீதுய்யா. இப்ப நோண்டுனா பூக்காது," என்றாள் அம்மா.

பக்கத்துக் குடிசை சரிந்து எங்கள்மேல் புழுதி விழுந்தது. எங்களிடமிருந்த ஒரே சோற்றுக் குண்டானை அம்மா மொட்டின்மேல் கவிழ்த்து, அதற்கு மேல் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு, லாரியில் ஏறி உட்கார்ந்தாள்.