செவலை தின்ன பனியன்

பனியன் கம்பெனியில தையல் கோணுனா பிரிச்சுத் தைச்சுக்கலாம். புது மாட்டுக்கிட்டத் தப்புப் பண்ணினா பிரிக்கறதுக்குத் தையலே கிடையாதுங்க.

புது மாடு வாங்கிக் கட்டிட்டு, தின்னுமா தின்னாதான்னு அதோட வாயையே பாத்துட்டு உக்காந்திருந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். தொண்ணூறுகளோட தொடக்கத்துல, வேலம்பாளையத்துல பனியனுக்கு ஓரம் தைக்கற ஓவர்லாக் மெஷினை உட்டுட்டு, ஊரே வேண்டாம்னு சொல்லச் சொல்ல நான் மாடு வாங்கினேன். அமராவதி நகர் பக்கமிருந்து, கன்னுக்குட்டியோட ஒரு செவலை. அது எங்க ஊட்டுல பழகி நின்னா நான் பால்காரி. நிக்கலைன்னா மறுபடியும் மெஷின்தான். நிக்க வெச்சே தீர்றதுன்னு எனக்கு ஒரே வைராக்கியம்.

தண்ணி ஒத்துக்கலை

வாய்க்கால் தண்ணி குடிச்சு வளந்த மாடு. எங்க போர்த் தண்ணியோ உப்பு. தொட்டியில மூக்கை வெச்சுது, புஸ்ஸுன்னு ஊதிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. தவிடு போட்டேன், புண்ணாக்குக் கரைச்சேன், ம்ஹூம். சரி, நீயா நானா பாத்துடலாம்னு, நாங்க குடிக்க வெச்சிருந்த நல்ல தண்ணியையே ஊத்துனேன். மறுநாள்லேர்ந்து தினம் கொஞ்சம் நல்ல தண்ணியைக் குறைச்சு, அந்த அளவுக்கு உப்புத் தண்ணியைக் கூட்டினேன். பத்து நாள்ல பழகிடுச்சு. வேலியோரம் நின்னு தினமும் இதைப் பாத்த பக்கத்து ஊட்டு ருக்மணியக்கா கேட்டாங்க: "நாங்க கல்யாணமாகி வந்தப்ப எங்களுக்கு ஆராச்சும் இப்படிச் சொம்பு சொம்பாப் பழக்குனாங்களா கண்ணு?"

மெத்தை

கட்டுத்தரை கல்லுத் தரை. படுத்தெழுந்து செவலைக்கு முட்டியெல்லாம் தேய்ஞ்சு போச்சு. என் ஊட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். கம்பெனியிலிருந்து ஒரு மூட்டை வெட்டுத்துணி கொண்டாந்து மெத்தையாட்டப் பரப்புனாரு. எனக்கும் பெருமைதான், எந்த ஊர் மாடு பனியன் துணியில படுக்குது?

மறுநாள் காலையில பாத்தா மெத்தையில ஒரு மூலையையே காணோம். செவலை அசை போடாம, இடது பக்கம் வயிறு உப்பி நிக்குது. கன்னுக்குட்டி கத்துது. உடனே ஆளனுப்புனேன். மாட்டு டாக்டர் வந்து வயித்தைத் தட்டிப் பாத்துட்டு, "நைலான் கலந்த துணியா? அப்படின்னா வயித்தைத்தான் கிழிக்கணும்"னாரு. என் ஊட்டுக்காரர் நெஞ்சை நிமித்திட்டுச் சொன்னாரு: "சுத்தமான காட்டனுங்க டாக்டர், எக்ஸ்போர்ட் குவாலிட்டி!"

கம்பெனி ரோடு

காட்டன்னா தானா வெளிய வந்தாலும் வரும், எண்ணெய் ஊத்துங்க, படுக்க உடாம நடத்துங்கன்னாரு டாக்டர். மூணு நாள்ல அசை போடலைன்னா கத்திதான். விடிஞ்சதுலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் கம்பெனி ரோட்டுல நானும் செவலையும் நடந்தோம். கம்பெனி வேன்ல போன பழைய கூட்டாளிக தலையை நீட்டிச் சிரிச்சாளுக. சிரிங்கடி, நல்லாச் சிரிங்க!

ரெண்டாம் நாள் எங்க பழைய சூப்பர்வைசர் மொபெட்டை நிறுத்தி, "எதுக்குங்க இந்தப் பாடு? உங்க மெஷின் காலியாத்தான் கெடக்குது, திங்கக்கிழமை வந்துருங்க"ன்னாரு. "மாடு சாணி போடட்டுங்க, அப்புறம் பேசிக்கலாம்"னேன். மனுசன் வண்டியை மிதிச்சுக்கிட்டே சொன்னாரு: "சாணிக்காக வேலையை வேண்டாங்கற ஆளை இப்பத்தாங்க பாக்கறேன்!"

மூணாம் நாள்

மத்தியானம் வேப்பமரத்தடியில நின்னு சாணி போட்டுச்சு பாருங்க, போன உசுரு திரும்பி வந்துச்சு எனக்கு. இவரு ஒரு குச்சியெடுத்துக் கிளற ஆரம்பிச்சவருதான். சாயங்காலம் மறுபடியும் போட்டுச்சு, அதையும் கிளறுனாரு. அப்பத்தான் செவலை கண்ணைச் செருகிட்டு மெதுவா அசை போட்டுது. அதோட கழுத்தைக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதேன். இவரு தலையை நிமித்தாமயே சொன்னாரு: "அழுவாத புள்ள, கழுத்துப்பட்டித் துணி வந்துருச்சு, கைப்பட்டி மட்டுந்தான் பாக்கி."

மாடு வாங்கப் போனா பல்லைப் பாக்கறோம், சுழியைப் பாக்கறோம், மடியைப் பாக்கறோம். வாங்கறவங்களுக்குக் கூறு இருக்குதான்னு பாக்கற வாய்ப்பு பாவம் அந்த மாட்டுக்கு மட்டும் கெடைக்கறதே இல்லீங்க.